கழிக்கத் தகாத சோறு

ஈப்போவின் நண்பகல் வெயிலில், சாலையோரச் சோற்றுக் கடையொன்றில் மூவர் அமர்ந்து உண்பதாகக் கொள்ளலாம். ஒருவர் புல்வெட்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர். பள்ளித் திடல்களும் வீடமைப்புப் பகுதிகளின் ஓரங்களும் அவருடைய பொறுப்பு. மற்ற இருவரும் அவரிடம் மாதக் கூலிக்கு வேலை செய்பவர்கள். மூவரும் விடியலில் புறப்பட்டவர்களே. மூவர் முதுகிலும் இயந்திரம் தொங்கிய தழும்பு உண்டு. உணவு முடிந்ததும் மூன்று தட்டுச் சோற்றுக்கும் குத்தகைக்காரரே பணம் கொடுக்கிறார்.

ஆண்டு முடிந்து வருமான வரிப் படிவத்தை நிரப்பும்போது அந்த மூன்று தட்டுகளும் பிரிந்துவிடுகின்றன. வேலையாட்களுக்கு வாங்கித் தந்த இரண்டு தட்டும் தொழிற்செலவு. அவற்றை வருமானத்திலிருந்து முழுமையாகக் கழிக்கலாம். அவர் உண்ட மூன்றாவது தட்டு தொழிற்செலவு ஆகாது. அது அவருடைய சொந்தச் செலவு. வேலை கொடுக்கும் நிறுவனத்தின் மேலாளர் ஒருவர் அன்று உடன் அமர்ந்திருந்து, அவருக்கும் குத்தகைக்காரரே விருந்தளித்திருந்தால், அந்த நான்காம் தட்டின் விலையில் பாதியைக் கழிக்கலாம். ஒரே பானையில் வெந்த சோறு, உண்பவர் யார் என்பதைப் பொறுத்து முழுதாகவும் பாதியாகவும் ஒன்றுமில்லாமலும் கழிகிறது. கணக்கர்களுக்கு இஃது அன்றாடச் செய்தி. ஆயின் மனிதன் எதற்காக உண்கிறான், எதற்காக உழைக்கிறான் என்னும் பழைய வினா அந்தக் கடையின் மேசைமீது, சிந்திய குழம்புக்கு அருகில், கிடக்கிறது.

'கழிவு' என்னும் சொல் மலேசியத் தமிழரிடையே ஒரு மயக்கத்தை விளைவித்திருக்கிறது. கடைத்தெருவில் கழிவு என்றால் தள்ளுபடி. தீபாவளிக்கு முன் துணிக்கடைக்காரர் விலையில் கழிவு தருகிறார் என்றால், அது வணிகர் தாமாக விட்டுக்கொடுப்பது. அதே பொருளை மனத்திற் கொண்டு, வரியில் கிடைக்கும் கழிவையும் அரசாங்கம் இரங்கித் தரும் தள்ளுபடி என்று எண்ணுவோர் பலர். தள்ளுபடி என்று எண்ணிவிட்டால், அதனை எவ்வளவு கூடுதலாகப் பெறுகிறோமோ அவ்வளவு கெட்டிக்காரர் என்ற எண்ணமும் உடன்பிறந்துவிடுகிறது.

உண்மை வேறு. நூறு வெள்ளிக்கு வேலை செய்து, அவ்வேலைக்காக முப்பது வெள்ளிக்குப் பெட்ரோல் ஊற்றியவர் ஈட்டியது எழுபது வெள்ளியே. அந்த முப்பது வெள்ளி அவருடைய கை வழியாக எண்ணெய் நிலையத்திற்குச் சென்ற பணம். அவருடைய வருமானமாக ஒருநாளும் இருந்ததில்லை. அதன்மேல் வரி கேட்காமலிருப்பது சலுகையன்று, நடந்ததை நடந்தவாறு ஒப்புக்கொள்வதேயாகும். சலுகை எனத் தக்கவை வேறு உள்ளன. ஒவ்வொருவருக்கும் உரிய 9,000 வெள்ளித் தனிநபர் விலக்கும், மனைவி மக்களுக்காகவும் பெற்றோரின் மருத்துவத்திற்காகவும் தரப்படும் விலக்குகளும் சமுதாயம் தன் உறுப்பினருக்கு மனமுவந்து விடுவன. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதிலிருந்தே பெரும்பாலான பொய்க் கணக்குகள் தொடங்குகின்றன. சலுகையைக் கூட்டிக் கேட்பவன் பேராசைக்காரன். செலவைக் கூட்டிச் சொல்பவனோ பொய்யன்.

மலாயாவில் வருமான வரி நிலையாகக் காலூன்றியது 1947ஆம் ஆண்டின் சட்டத்தால். அச்சட்டம் 1948 முதல் நடப்புக்கு வந்தது. இன்று ஆள்வது 1967ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம். அதன் 33ஆம் பிரிவு, வருமானத்தை உண்டாக்குவதில் 'முழுமையாகவும் தனிப்படவும்' நேர்ந்த செலவையே கழிக்க இடந்தருகிறது. 39ஆம் பிரிவோ இல்லச் செலவும் சொந்தச் செலவும் கழிக்கத் தகாதவை என வெளிப்படையாகக் கூறிவிடுகிறது. முழுமையாகவும் தனிப்படவும் என்ற இரண்டு சொற்கள் இங்கிலாந்தின் வரிச் சட்டத்திலிருந்து வந்தவை. அவற்றின் பொருளை அந்நாட்டு நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கின்றன.

அவற்றுள் ஒரு வழக்கு, தன் கையால் உழைத்துத் தானே தொழில் நடத்தும் எவரும் அறியத்தக்கது. 1975இல் இங்கிலாந்தில் தச்சர் ஒருவர் வழக்காடினார். அவர் எவரிடமும் வேலைக்கு அமராமல் தாமே வேலை எடுத்துச் செய்தவர். வீட்டருகே வேலை இருக்கும் நாளில் வீட்டுக்கு வந்து உண்பார். அவ்வுணவுக்கு ஆகும் செலவு 10 பென்சு. தொலைவில் வேலை இருக்கும் நாளில் கடையில் உண்பார்; அதற்கு 40 பென்சு. மிகுதியாகும் 30 பென்சு தொழிலால் வந்த செலவுதானே, அதனைக் கழித்துக்கொள்ளலாமா என்பதே அவருடைய கேள்வி. முழு உணவையும் அவர் கேட்கவில்லை. வேறுபாட்டை மட்டுமே கேட்டார். நேர்மையான கேள்வி என்றே யாருக்கும் தோன்றும். நீதிபதி டெம்பிள்மன் இணங்கவில்லை. மனிதன் உண்பது உயிர்வாழ்வதற்காக. வேலை செய்வதற்காக மட்டுமே எவனும் உண்பதில்லை. ஆதலின் அந்தச் செலவு தனிப்படத் தொழிலுக்கானது ஆகாது என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

இதே வழியில் 1983இல் பிரபுக்கள் சபையில் இன்னொரு தீர்ப்பு எழுந்தது. ஆன் மலாலியு என்னும் வழக்கறிஞர், நீதிமன்ற ஒழுங்குக்காகவே தாம் கருநிற உடைகளை அணிவதாகவும், மற்ற நாளில் அவற்றைத் தொடுவதேயில்லை என்றும், அவற்றின் செலவைக் கழிக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தார். அவ்வுடை அவருடைய மேனியை மறைக்கவும் குளிரைக் காக்கவும் செய்தது. அவர் அதனை எண்ணாவிட்டாலும் அந்நோக்கமும் உண்டு என்று கூறிக் கழிவை மறுத்தனர் நீதிபதிகள். ஐவருள் ஒருவர் மட்டும் மாறுபட்டார். மனிதன் தானறியாத நோக்கத்தையும் அவன்மேல் ஏற்றும் இத்தீர்ப்பு சற்று மிகையானதே. ஆயினும் தச்சருக்கும் வழக்கறிஞருக்கும் சொல்லப்பட்டது ஒன்றே: உணவும் உடையும் உன் தொழிலுடையவை அல்ல, உன்னுடையவை.

பேராக்கின் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இத்தீர்ப்பு இருவகையாக ஒலிக்கும். முதலில் கொடுமையாக ஒலிக்கும். தோட்டத்தின் பழைய கணக்கேட்டை எண்ணிப் பார்த்தால் வேறுவகையாகவும் ஒலிக்கும்.

பழைய காலத்துத் தோட்டக் கணக்கில், தொழிலாளி உண்ட அரிசி தோட்டத்தின் செலவு. அவன் தங்கிய லயமும் அவன் கடல் கடந்து வந்த கப்பலின் கட்டணமும் அவ்வாறே. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி அமைந்தபோது, வேலைக்கு வைத்த ஆட்களின் கணக்கைப் பொறுத்து முதலாளிமார் அதற்குப் பணம் கட்டினர். அந்நிதியே தமிழகத்திலிருந்து ஆட்களைக் கப்பலேற்றியது. ஒரு பவுண்டு ரப்பரை விளைவிக்க எவ்வளவு செலவு என்று கணக்கிட்டவர்களுக்கு உளியும் மங்கும் காண்டா வாளியும் எப்படியோ, அப்படியே மனிதனும். பின்னர் 1920களில் அரசாங்கம் இந்தியத் தொழிலாளருக்கு நிலையூதியம் வகுத்தபோது, ஓர் ஆளுக்கு அரிசி, பருப்பு, மிளகாய், துணி முதலியவை எவ்வளவு வேண்டும் என்ற பட்டியலைப் போட்டே கூலியை வகுத்தது. ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் எனப் பல மாவட்டங்களில் இருந்த நாட்கூலி, உலகப் பொருளாதார மந்தம் தொடங்கிய 1930இல் 40, 32 எனக் குறைக்கப்பட்டது. ரப்பர் விலை வீழ்ந்தால் மனிதனின் வயிற்றையும் அதற்கேற்பச் சுருக்கலாம் என்று அந்தக் கணக்கேடு எண்ணியது. உண்பது உழைப்பதற்காகவே என்னும் கொள்கை முழுமை பெற்ற இடம் அதுதான்.

இதனை மனத்தில் வைத்துக்கொண்டு மீண்டும் அந்த மூன்றாவது தட்டுக்கு வரவேண்டும். அது கழிக்கத் தகாது என்று சட்டம் சொல்லும்போது, குத்தகைக்காரரின் வயிறு அவருடைய இயந்திரத்தின் எண்ணெய்த் தொட்டியைப் போன்றதன்று என்றும் சொல்கிறது. இயந்திரத்திற்கு ஊற்றும் எண்ணெய் அத்தனையும் கழியும். அது வெட்டுவதற்காக மட்டுமே எண்ணெய் குடிக்கிறது. வெட்டு இல்லாத நாளில் மூலையில் கிடக்கும், பசி அறியாது. அதன் எஜமானனோ வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் உண்பான்; நோயுற்றுப் படுத்தாலும் முதுமையில் ஓய்ந்தாலும் உண்பான். பாட்டன் உண்ட அரிசி துரையின் ஏட்டில் உற்பத்திச் செலவாக எழுதப்பட்டது. பேரன் உண்ணும் சோறு எவருடைய ஏட்டிலும் செலவன்று. வரி ஆணையமும் 'இது எங்கள் கணக்கில் வாராது, உங்களுடையது' என்று விலகிக்கொள்கிறது. அடிமைக் கணக்கிலிருந்து விடுபட்ட மனிதனுக்குச் சில ரிங்கிட் கூடுதல் வரி என்பது அத்துணைப் பெரிய விலையன்று.

இவ்வாறு சொல்லி நிறுத்திவிட்டால் சட்டத்திற்குப் பாமாலை சூட்டியதாகிவிடும். நான்காம் தட்டு ஒன்று இருக்கிறதல்லவா? மனிதன் உயிர்வாழ்வதற்காகவே உண்கிறான் என்றால், குளிரூட்டிய உணவகத்தில் வாடிக்கையாளருடன் அமர்ந்து உண்ணும் விருந்தில் மட்டும் அவன் எதற்காக உண்கிறான்? வாடிக்கையாளரை மகிழ்விக்கும் செலவில் பாதியைக் கழிக்க இடமிருப்பதால், பெருந்தொழில் நடத்துவோரின் விருந்துகளில் வரிப்பணத்தின் பங்கும் ஓரளவு பரிமாறப்படுகிறது. சாலையோரத்தில் நின்றவாறே ஒரு பொட்டலம் நாசி லெமாக்கைப் பிரித்து உண்ணும் லாரி ஓட்டுநருக்கு அப்பாதியும் இல்லை. மனிதனின் உணவு அவனுடையது என்னும் கொள்கை உயர்ந்ததுதான். அது எல்லாத் தட்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏழையின் தட்டில் கண்டிப்பாகவும் செல்வரின் தட்டில் தளர்வாகவும் இருக்கும் கொள்கையைக் கொள்கை என்பதைவிட வழக்கம் என்பதே பொருந்தும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஈப்போவை அடுத்த புந்தோங்கில் கச்சாங் பூத்தே செய்து விற்கும் தமிழ்க் குடும்பங்களைப் பேராக்கில் அறியாதார் இல்லை. கடலையும் பயறும் முறுக்கும் பொரியும் அடுப்பு வீட்டோடு ஒட்டியது. அதே கூடத்தில் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவர். அதே குழாயின் தண்ணீரில்தான் குடும்பம் குளிக்கும். எண்ணெய்ச் சட்டியின் கீழ் எரியும் எரிவாயுவில் தொழிலுக்கு எவ்வளவு, இரவுக் குழம்புக்கு எவ்வளவு? விளக்கு வெளிச்சத்தில் முறுக்குக்கு எத்தனை விழுக்காடு, மகளின் கணக்குப் பாடத்திற்கு எத்தனை? பிரிக்க முடிந்தவற்றைத் தகுந்த காரணத்தோடு பிரித்துக் கழிக்கலாம் என்பது நடைமுறை. ஆலையும் வீடும் வேறு வேறாய், காலையில் இதைப் பூட்டிவிட்டு அதைத் திறப்பவர்களின் வாழ்க்கையை மனத்திற் கொண்டு எழுந்த சட்டம், வீடே ஆலையாய் இருப்பவரிடம் வரும்போது இவ்வாறு தடுமாறத்தான் செய்யும். அந்த வீட்டுப் பெண்மணி நாள்தோறும் எட்டு மணி நேரம் அடுப்படியில் நின்று, கணவர் பெயரில் உள்ள தொழிலை நடத்துகிறார். அவருடைய உழைப்பு எந்தப் பத்தியிலும் எழுதப்படுவதில்லை என்பதையும் இங்கே சொல்லாமல் விட இயலாது. எழுதப்படாத உழைப்புக்குக் கழிவும் இல்லை, சேமநிதியும் இல்லை.

இதுவரை பேசியது உண்மையாகவே தன் தொழிலுக்குத் தானே தலைவராய் இருப்பவரைப் பற்றியது. அப்படித் தலைவர் என்று பெயர் மட்டும் சூட்டப்பட்டவரின் நிலை இன்னும் கடுமையானது.

தோட்ட மக்களுக்குக் கழிவு என்னும் சொல்லைவிட நெருக்கமானது 'பிடித்தம்'. சம்பள நாளில் கிராணியின் மேசைக்கு முன் வரிசையில் நின்றவர்கள், கையில் வாங்கிய காசைவிடப் பிடித்துக்கொள்ளப்பட்ட காசையே கவலையோடு எண்ணினர். முன்பணம் பிடித்தம், கடைக் கடன் பிடித்தம், சங்கச் சந்தா பிடித்தம் என அது நீளும். 1951இல் ஊழியர் சேமநிதி வந்தபோது அதுவும் ஒரு பிடித்தமாகவே முதலில் தோன்றியது. ஆயின் முன்பிருந்த பிடித்தங்களுக்கு இல்லாத ஓர் இயல்பு அதற்கு இருந்தது. தொழிலாளியிடமிருந்து பிடித்ததற்கு முதலாளியும் தன் பங்கைச் சேர்க்க வேண்டும். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த சொக்சோ காப்புறுதியும் அத்தகையது.

அதற்கு முன்பே வேறொரு மாற்றம் தொடங்கியிருந்தது. 1950களில் ஐரோப்பியர் தம் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். 1951 முதல் 1960 வரையில் நிகழ்ந்த இத்துண்டாடலை உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்து எழுதினார். இதனைத் தடுக்கவே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், தொழிலாளரின் சிறுசிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டம் வாங்கும் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் நிறுவினார். துண்டாடப்பட்ட நிலங்களில் துரை போனார், கிராணி போனார், காலைப் பெரட்டும் போனது. குத்தகைக்காரர் வந்தார். நேற்றுவரை தோட்டத்துத் தொழிலாளியாய் இருந்தவர் இன்று எடைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளும் 'காண்ட்ராக்ட்' ஆளானார். மரம் அதே மரம், வெட்டு அதே வெட்டு. உளி மட்டும் அவருடைய சொந்தச் செலவாயிற்று.

அந்த உளி சட்டத்தில் சிறிய பொருளன்று. ஒருவர் தொழிலாளியா, தனித்து இயங்கும் குத்தகையாளரா என்று தீர்மானிக்க நீதிமன்றங்கள் பார்க்கும் அடையாளங்களுள், கருவி யாருடையது என்பதும் ஒன்று. இங்கிலாந்தில் கலவைக் காங்கிரீட் ஏற்றிச் சென்ற லாரி ஓட்டுநர் ஒருவரைப் பற்றிய வழக்கு புகழ்பெற்றது. அவர் தவணை முறையில் லாரியைத் தாமே வாங்கினார். அந்த லாரிக்கு நிறுவனத்தின் நிறத்தையே பூச வேண்டும். நிறுவனத்தின் சீருடையையே அவர் அணிய வேண்டும். ஆயினும் லாரி அவருடையதாகையால், அதனை நடத்தும் ஆதாயமும் இழப்பும் அவருடையவையாகையால், அவர் தனித்த தொழில் நடத்துபவரே என்று 1967இன் இறுதியில் நீதிமன்றம் கூறியது. மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்திற்குச் செய்யப்பட்டு 2023 சனவரியில் நடப்புக்கு வந்த திருத்தம் இதனை மறுபக்கத்திலிருந்து பார்க்கிறது. வேலை செய்யும் முறையையோ நேரத்தையோ இன்னொருவர் கட்டுப்படுத்தினால், கருவியை இன்னொருவர் கொடுத்தால், அவ்வேலை இன்னொருவரின் தொழிலின் உள்ளுறுப்பாய் இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிடினும் அவரைத் தொழிலாளியென்றே கொள்ள அது வழிவகுக்கிறது. நல்ல திருத்தம். ஆனால் கருவியை ஆளின் தலையில் கட்டிவிட்டால் ஓர் அடையாளம் குறையும் என்பதை அறியாத முதலாளி இல்லை.

இனிக் கணக்குப் பார்க்கலாம். உளியைத் தாமே வாங்கி, மோட்டார் சைக்கிளுக்குத் தாமே எண்ணெய் ஊற்றி, மாதம் 1,500 வெள்ளி பெறும் பால்வெட்டுப் பெண்மணி ஒருவரை எண்ணிக்கொள்ளலாம். ஆண்டுக்கு 18,000 வெள்ளி. அவர் குத்தகையாளர் ஆகையால் உளியையும் எண்ணெயையும் கழிக்கும் உரிமை அவருக்குண்டு. அவ்வுரிமையால் அவருக்கு வரும் பயன் யாது? 9,000 வெள்ளித் தனிநபர் விலக்குப் போக மீதி 9,000. அதில் முதல் 5,000 வெள்ளிக்கு வரி இல்லை. அடுத்த 4,000 வெள்ளிக்கு நூற்றுக்கு ஒன்று வீதம் 40 வெள்ளி. வருமானம் குறைந்தவர்களுக்கு வரியிலிருந்தே நீக்கப்படும் 400 வெள்ளியில் அதுவும் கரைந்துவிடும். செலவு ஒரு காசும் கழிக்காமலே அவருடைய வரி சுழியம். ஓர் உளி வாங்கினாலும் நூறு உளி வாங்கினாலும் சுழியந்தான்.

அவர் தொழிலாளியாகவே இருந்திருந்தால் 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச ஊதியப்படி மாதம் 1,700 வெள்ளி பெற்றிருப்பார். அதன்மேல் முதலாளி தம் பங்காக நூற்றுக்கு 13 வீதம், மாதம் 221 வெள்ளி சேமநிதியில் கட்டியிருப்பார். ஆண்டுக்கு 2,652 வெள்ளி. கழிவு என்னும் உரிமையை அவர் கையில் கொடுத்துவிட்டு, பிடித்தத்தோடு வந்த பங்கை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். கொடுத்ததன் மதிப்பு ஒன்றுமில்லை. எடுத்தது ஒரு முதுமைக் காலம். சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017இல் வந்து, முதலில் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் பின்னர் வேறு தொழிலர்க்கும் விரிந்தது. 2025இல் நாடாளுமன்றம் கிக் தொழிலாளர் சட்டவரைவை நிறைவேற்றியது. இவை இழந்ததை மீட்கும் முயற்சிகள். எனினும் விபத்துக் காப்பு வேறு. முதலாளி மாதந்தோறும் சேர்க்கும் பங்கு வேறு.

குத்தகைக்காரர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அதனைக் கேளாமல் தீர்ப்புச் சொல்வது நேர்மையாகாது. அவரும் பெரும்பாலும் தோட்டத்திலிருந்து வந்தவரே. மலிவாகக் கேட்பவருக்கே வேலை கிடைக்கிறது. அவர் சேமநிதி கட்டினால், கட்டாத அடுத்த ஆள் குறைந்த விலையில் குத்தகையைப் பறித்துக்கொள்வார். பணம் வருவதோ மூன்று மாதம் கழித்து. கூலி கொடுக்க வேண்டியதோ மாத முடிவில். வரியின் முன்தவணையை இரண்டு மாதத்திற்கொரு முறை கட்டச் சொல்லி அறிவிப்பு வந்துவிடும். இத்தனைக்கும் நடுவில் கணக்கைச் சற்று வளைக்கலாம் என்ற எண்ணம் எழுவதில் வியப்பில்லை.

வளைப்பது எளிது. 2004ஆம் மதிப்பீட்டாண்டு முதல் தனியாட்கள் தம் வரியைத் தாமே கணக்கிடும் முறை வந்துவிட்டது. முன்பு அதிகாரி கேட்டார், குடிமகன் விடை சொன்னார். இன்று கேட்பவரும் சொல்பவரும் ஒருவரே. பற்றுச்சீட்டுகளை ஏழாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. எண்ணெய் நிலையத்தில் தரும் வழவழப்பான சீட்டின் மையோ ஓராண்டிற்குள்ளேயே மங்கி வெள்ளைத் தாளாகிவிடுகிறது. பிஸ்கட் தகரம் நிறைய வெள்ளைத் தாளைச் சேர்த்து வைத்திருக்கும் நேர்மையாளர் ஈப்போவில் பலர் இருக்கக்கூடும்.

எண்ணெய்ச் சீட்டில் பத்து வெள்ளியைக் கூட்டிப் போடுவது அரசாங்கத்தோடு நிற்கும் பொய். கூலிக் கணக்கில் போடும் பொய் அப்படிப்பட்டதன்று. வேலையாள் ஒருவருக்கு 1,300 வெள்ளி கொடுத்துவிட்டு, 1,700 கொடுத்ததாக எழுதுகிறார் என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு ஆண்டுக்கு 4,800 வெள்ளி, இருவருக்கு 9,600 வெள்ளி, செலவாக ஏறுகிறது. நூற்றுக்கு 11 வீதம் வரி கட்டும் நிலையில் இருப்பவருக்கு இதனால் மிச்சமாவது 1,056 வெள்ளி. ஆயின் ஒருவரின் செலவு இன்னொருவரின் வருமானம். அந்த 4,800 வெள்ளி எங்கும் மறைந்துவிடவில்லை. ஒருநாளும் அதனைக் கண்ணால் காணாத வேலையாளின் பெயரில் போய் அமர்ந்திருக்கிறது. நாளை அவர் வருமான அளவு பார்த்துத் தரப்படும் உதவித் தொகைக்கோ பிள்ளையின் கல்வி உதவிக்கோ விண்ணப்பிக்கும்போது, அவர் பெறாத பணம் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லக்கூடும். வாங்காத கூலிக்கு அவர் விலை கொடுக்கிறார். பழைய கிராணியின் ஏட்டிலும் இதுவே நடந்தது என்பார்கள் தோட்டத்துப் பெரியவர்கள். அங்கே பிடிக்காததைப் பிடித்ததாக எழுதினார்கள், இங்கே கொடுக்காததைக் கொடுத்ததாக எழுதுகிறார்கள்.

கழிவு என்னும் எண்ணம் தமிழருக்கு வெள்ளைக்காரர் வந்து கற்றுத் தந்ததன்று. தமிழகத்துக் களத்துமேட்டில் நெல் குவிந்ததும், அரசுக்குரிய மேல்வாரமும் குடிக்குரிய குடிவாரமும் பிரிப்பதற்கு முன்பே, குவியலிலிருந்து முதலில் சில படிகள் அள்ளப்பட்டன. கொல்லனுக்கும் தச்சனுக்கும் வண்ணானுக்கும் வெட்டியானுக்கும் உரிய மேரை அது. அவர்களுடைய பங்கு போக மீந்ததே விளைச்சல். அரசன் பங்கு கேட்டதும் அதில்தான். அந்த முறையில் சாதிக் கொடுமை இல்லையென்று எவரும் சொல்ல முடியாது; படியளந்த கை எப்போதும் நிறைய அளந்ததுமில்லை. எனினும் கழிவு என்றால் உடன் உழைத்தவரின் பங்கு, அது முதலில் உண்மையாகவே அவர் மடியில் விழ வேண்டும் என்ற கருத்து அக்களத்தில் இருந்தது. ஊரார் பார்க்க அள்ளப்பட்டதாகையால், கொடுக்காமல் கொடுத்ததாகச் சொல்ல இடமில்லை. 33ஆம் பிரிவு கேட்பதும் ஏறக்குறைய அதுவே. ஊரார் பார்வை மட்டும் இல்லை.

சூன் 30 தொழில் வருமானம் உடையோர் படிவத்தைச் சேர்ப்பிக்கும் கடைசி நாள். புல்வெட்டுக் குத்தகைக்காரர் தம் வீட்டுக் கூடத்தில் தகரத்தைக் கவிழ்த்துச் சீட்டுகளைப் பிரிக்கிறார். எண்ணெய், கத்தி, இயந்திரப் பழுது, லாரியின் காப்புறுதி ஆகியவற்றில் தயக்கமில்லை. இரு வேலையாட்களின் கூலியும் அவர்களுக்குக் கட்டிய சேமநிதியும் வருகின்றன. சோற்றுக் கடைச் சீட்டு வருகிறது. மூன்றில் இரண்டு பங்கை எழுதுகிறார்.

அடுத்த ஆண்டு அவருக்கு யாரேனும் ஓர் எளிய வழியைச் சொல்லக்கூடும். ஆளுக்கொரு இயந்திரத்தை அவர்கள் தலையிலேயே வாங்கச் செய்துவிடு. இனி அவர்களும் குத்தகைக்காரர்கள். சேமநிதி இல்லை, சொக்சோ இல்லை, பரப்புக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம் என்பார்கள். அவர் அதற்கு இசைந்துவிட்டால் நண்பகலில் அதே கடையில் அதே மூவர் அமர்வார்கள். அன்று மூன்று தட்டுச் சோறும் கழிக்கத் தகாததாகியிருக்கும். உண்டு முடித்ததும் மூவரும் தத்தம் பையில் கைவிட்டு, தனித்தனியே பணத்தை எண்ணி வைப்பார்கள்.